மகளின் தலைமுடியும் என் நல்லெண்ணெயும்

ரோசா என்ற அந்தப் பெண்மணி என் மகளின் தலைமுடியில் ஒரு கற்றையை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். பிறகு விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மகளைப் பார்த்து, ஆங்கிலத்தில், மிக மெதுவாகக் கேட்டார்.

"இது என்ன?"

மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். கிழக்கு லண்டனில் ஒரு பெரிய பூங்கா. மேடையில் யாரோ கிற்றாரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் என் விலா எலும்பு அதிர்ந்தது. நீளமான பொய்க்கால்களில் ஏறிய இரண்டு பேர் எங்கள் கூடாரத்தை மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மூலையில், மடியில் இடியப்பப் பார்சலோடு, பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். விருந்தினர் என்று எழுதிய காகிதப் பட்டி ஒன்று மணிக்கட்டில் ஒட்டியிருந்தது.

"எண்ணெய்," என்றாள் மகள். "இரண்டு தடவை கழுவினேன். இன்னும் முழுதாகப் போகவில்லை."

ரோசா கையை எடுத்துவிட்டார். "அப்படியென்றால் இன்றைக்கு நீ மேலே போகமாட்டாய்."

என் மகள் ஆரணி அன்று நாலு மணிக்கு, அந்தப் பூங்கா நிறைந்த சனத்துக்கு முன்னால், தன் தலைமுடியில் தொங்க வேண்டியவள். இடுப்பில் பட்டி கிடையாது. கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. முடியைப் பின்னி ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தைக் கொக்கியில் மாட்டுவார்கள். கீழே ராக் இசைக்குழு முழங்க, இரண்டு மாடி உயரத்தில் அவள் சுழலவேண்டும். இசையும் சர்க்கஸும் கலந்த விழா அது. அவளுடைய முதல் தனி நிகழ்ச்சியும் அதுதான்.

அந்த எண்ணெயை வைத்தவன் நான்.

மனேச்சர் கிடக்கட்டும்

போன வாரம் இந்தப் பத்தியில், பெற்றோல் நிலையத்தில் நான் இரவு வேலை செய்த காலத்தோடு கதையை நிறுத்தியிருந்தேன். "அந்த மனேச்சருக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று ஹரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். மனேச்சர் கிடக்கட்டும். அவர் எங்கேயும் ஓடிவிடமாட்டார்.

இந்தக் கோடையில் நடந்ததை எழுதாமல் வேறு எதையும் எழுத எனக்கு இப்போது மனம் வரவில்லை. இது நினைவுக் குறிப்பா, நேற்றைய செய்தியா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். எனக்கு அறுபத்திரண்டு வயது. நேற்று நடந்ததையும் நினைவில் வைத்திருந்தால் அதுவே பெரிய காரியம் என்று சொன்னேன்.

சடை பின்னும் தகப்பன்

ஆரணியின் தலைமுடியைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. பதினொரு வருஷம் அதைப் பின்னியவன் நான்.

அப்போது நாங்கள் பிளேஸ்டோவில் ஓர் ஒற்றை அறையில் இருந்தோம். என் மனைவி வசந்திக்கு நகரத்து அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. விடிய நாலு மணிக்கு வீட்டை விட்டுப் போய்விடுவாள். நான் இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வருவேன். பக்கத்து அறை ஆச்சியம்மா அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடம். நடுவில் பாலும் பாணும் கொடுத்து, உடுப்பு மாட்டி, இரட்டைச் சடை பின்னி மடித்துக் கட்டவேண்டும்.

எனக்கோ சப்பாத்துக் கயிறு தவிர வேறொன்றையும் கட்டத் தெரியாது. முதல் நாள் நான் பின்னிய சடைகளில் ஒன்று காதுக்கு மேலும் ஒன்று பிடரியிலும் நின்றன. பிள்ளை கண்ணாடியைப் பார்த்துவிட்டு அழவில்லை. "அப்பா பாவம்" என்றது. அது அழுதிருந்தால் பரவாயில்லை.

அன்றைக்கே நேராக அப்டன் பார்க்குக்குப் போனேன். அங்கே வளையலும் றிபனும் விற்கிற குஜராத்தி அம்மா ஒருவர் இருந்தார். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. நான் என் மொட்டைத் தலையில் கையை வைத்து, இரண்டு பக்கமும் சடை தொங்குவதுபோலக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு மூன்று நிற றிபனைக் கடைக்கதவின் கைப்பிடியில் கட்டி, எனக்குப் பின்னக் கற்றுத்தந்தார். வந்த பெண்கள் எல்லாரும் கதவைத் திறக்க முடியாமல் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கவேண்டும்.

அடுத்த மாதமே என் கை தேறிவிட்டது. சீப்பின் வாலால் வகிடு எடுத்தால் அளவுகோல் வைத்த மாதிரி இருக்கும். எனக்கு நித்திரையில் கண் சொருகும். கை தன்பாட்டுக்குப் பின்னும். பிள்ளை கதைத்துக்கொண்டே இருக்கும். யார் யாரோடு கோபம், எந்த ரீச்சருக்கு மூக்கில் மச்சம், எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நாளில் நானும் அவளும் சேர்ந்திருந்த நேரம் அந்த இருபது நிமிஷந்தான்.

பதினாறு வயதில் ஒரு காலை, "இனி நானே பின்னுறன் அப்பா" என்றாள். கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சீப்பைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை. எனக்கு அழுகை வந்தது என்பதை வசந்தியிடம்கூட இதுவரை சொன்னதில்லை; இதை வாசித்துத்தான் அவளும் அறியப்போகிறாள்.

காவடியும் கொக்கியும்

ஆரணி பிசியோதெரபி படித்தாள். ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்தாள். இல்ஃபோர்டில் நாங்கள் வீடு வாங்கியிருந்தோம். எனக்கு பஸ் ஓட்டும் வேலை நிரந்தரமாகியிருந்தது. இனி என்ன குறை என்று இருந்த நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வேலையை விட்டுவிட்டேன் என்றாள். சர்க்கஸ் பழகப் போகிறாளாம். தலைமுடியில் தொங்கும் கலையாம். ரோசா என்று ஒரு போர்த்துக்கல் பெண், இருபது வருஷம் தொங்கியவர், இவளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாராம்.

நான் அப்போது சொன்ன வார்த்தையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதவேண்டும்.

"தலைமயிரைக் காட்டிப் பிழைக்கிறதுக்கே உன்னைப் படிப்பிச்சனாங்கள்?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவள் என் மகள். வாய் சும்மா இருக்குமா?

"அப்பா, நாங்கள் ஊருக்குப் போனப்ப மாமா தூக்குக் காவடி எடுத்தவர். முதுகில செடில் குத்தி ட்ராக்டரில தொங்கினவர். நீங்கள் கும்பிட்டீங்கள். போட்டோ எடுத்தீங்கள். மாமா தோலில தொங்கினா பக்தி, நான் தலைமயிரில தொங்கினா வெக்கமோ?"

அந்தக் காவடி எனக்கும் நினைவிருந்தது. வசந்தியின் தம்பி, நேர்த்திக்கடன். கொக்கிகள் முதுகுத்தோலை இழுக்க அவன் வானத்தில் ஆடிக்கொண்டு போனான். நான் நேரே பார்க்க முடியாமல் கமெராவுக்குள்ளால் பார்த்தேன். பத்து வயது ஆரணி மட்டும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு ட்ராக்டருக்குப் பின்னால் கோயில் வாசல்வரை நடந்தாள்.

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் பரம்பரையில் ஆண்கள் செய்வதை நானும் செய்தேன். எழும்பிக் கை கழுவப் போய்விட்டேன். அவள் பிளேஸ்டோவில் இரண்டு தோழிகளோடு அறை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வருஷம் நாங்கள் "எப்படி?", "இருக்கிறன்" என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. கல்யாண வீடுகளில் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால் நான் "பிசியோ" என்பேன். பக்கத்தில் நிற்கிற வசந்தி "சர்க்கஸ்" என்பாள். கேட்டவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"அப்பனும் மகளும் ஒரே அச்சு. ரெண்டும் வளையாது" என்று சொல்லிவிட்டு, வசந்தி கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வாரம் ஒருமுறை பிளேஸ்டோவுக்குப் போய் வருவாள்.

மிளகு போட்டுக் காய்ச்சினது

விழாவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. "நாளைக்குப் பெரிய நாள், எங்கட வீட்டில வந்து படு" என்று வசந்தி அவளை இல்ஃபோர்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். மாலை நான் ஷிப்ட் முடித்து வர, ஆரணி குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. நான் பின்னிய காலத்தில்கூட அவ்வளவு இல்லை.

"எப்படி அப்பா?"

"இருக்கிறன்."

வழக்கமாக அதோடு முடிந்துவிடும். ஆனால் எனக்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நாளைக்கு என் பிள்ளையின் முழுப் பாரத்தையும் இந்த முடிதானே தாங்கப்போகிறது? அது காய்ந்து போய் வெளிறிக் கிடந்தது. இந்த முடிக்கு யாராவது எண்ணெய் காட்டி எத்தனை நாளோ! எங்களுக்குத் தெரிந்த சாத்திரம் ஒன்றுதான். முடிக்குப் பலம் எண்ணெய். வெள்ளிக்கிழமை வேறு, பெண் பிள்ளைகள் முழுகும் நாள். இதைவிடப் பொருத்தம் வருமா?

சட்டியை அடுப்பில் வைத்தேன். நல்லெண்ணெய் விட்டு, மிளகும் சின்னச் சீரகமும் போட்டுக் காய்ச்சினேன். கை பொறுக்கும் சூட்டில் இறக்கினேன். "வந்து இரு பிள்ளை" என்றேன்.

அவள் சட்டியைப் பார்த்தாள். பிறகு வந்து என் கதிரைக்கு முன்னால் நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தாள்.

நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. அரைக் கோப்பை எண்ணெயையும் உச்சியிலிருந்து நுனிவரை தேய்த்து இறக்கினேன். என் விரலுக்கு அந்தத் தலை மறந்திருக்கவில்லை; இடது பக்கம் காதுக்குப் பின்னால் உள்ள சின்ன மேடு அப்படியே இருந்தது. வசந்தி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிரவு நான் பிள்ளைக் காலம் போலத் தூங்கினேன். காலையில் வசந்தி இடியப்பப் பார்சலைக் கையில் தந்து, என்னையும் மகளோடு முதலே அனுப்பிவிட்டாள்.

நான்தான்

ரோசா "மேலே போகமாட்டாய்" என்று சொன்னபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மூன்று நாளுக்கு முன்பிருந்தே முடியில் எண்ணெய்ச் சொட்டுப் படக்கூடாதாம். முடி வழுக்கினால் கட்டு நழுவும். கட்டு நழுவினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எழுந்து ரோசாவிடம் போனேன். "நான்தான் வைத்தேன்" என்றேன். "அவளுக்கு ஒன்றும் தெரியாது. முடி பலமாக இருக்கும் என்று நினைத்து நான்தான் வைத்தேன்."

ரோசா என்னைப் பார்த்தார். அவர் உச்சியில் ஒரு பெரிய பொட்டளவு வழுக்கை இருந்தது. இருபது வருஷத் தொழில் வைத்த அடையாளம். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"என்ன எண்ணெய்?" என்று மட்டும் கேட்டார்.

எள்ளு என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டரைக்குள் முடி சுத்தமாகிவிட்டால் கட்டிப் பார்க்கலாம். இல்லையென்றால் ஆரணியின் இடத்தில் நெருப்பு வளையக்காரர் ஒருவரை விடுவார்கள். அவரும் கூடாரத்துக்கு வெளியே தயாராகத்தான் நின்றார், பாவம், அவருக்கும் அது ஒரு வாய்ப்பு.

ஆரணி என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாள். "இட்ஸ் ஓகே அப்பா" என்றாள். இரண்டு வருஷமாக அவள் ஏறி விழுந்து, கழுத்துப் பிடித்து, தலைத்தோல் வீங்கிக் கற்றது இந்த ஏழு நிமிஷ நிகழ்ச்சிக்காக. அதை ஓர் அரைக் கோப்பை எண்ணெயில் நான் மூழ்கடித்துவிட்டேன். ஓகேயாம்.

மாவோடு பிடிபட்டவள்

முதலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் திரவம் வாங்கிக் கழுவினோம். கயிறுகளுக்குப் பொறுப்பான டேவ் என்ற நெட்டை மனிதர் தொழிலாளர் கூடாரத்திலிருந்து சுடுதண்ணீர் கொண்டுவந்து தந்தார். கழுவி முடித்ததும் ரோசா ஒரு மெல்லிய கடதாசியை முடியில் அழுத்திப் பார்த்தார். கடதாசியில் வடை சுற்றிய தாள் மாதிரி ஓர் எண்ணெய் வட்டம். இன்னொரு தரம் கழுவினோம். வட்டம் கொஞ்சம் சிறுத்தது, போகவில்லை.

எண்ணெயை வைத்தவனுக்கு எடுக்கவும் தெரியவேண்டாமா? நல்லெண்ணெய் சவுக்காரத்துக்கு மசியாது. அரப்பு வேண்டும். இல்லாவிட்டால் பயறு அரைத்த பயத்தம்மாவும் தேசிக்காய்ப் புளியும், அதுதான் எலுமிச்சைச் சாறும், வேண்டும். வசந்திக்கு போன் எடுத்தேன். அவள் மூன்று மணிக்கு வருவதாக இருந்தாள். சேலைக்கு இன்னும் ஊசி குத்தவில்லை.

"என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

"பேந்து ஏசு. இப்ப பயத்தம்மாப் போத்திலை எடுத்துக்கொண்டு ஓடி வா."

"எனக்கு அப்பவே தெரியும். தகப்பனும் மகளும் குழைஞ்சுகொண்டு இருக்கேக்க குழப்பக்கூடாது எண்டு பேசாமல் இருந்தது என்ரை பிழை."

எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்தவளை வாசலில் பிடித்துவிட்டார்கள். நான் மறுபக்கம் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி அவள் பைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையைத் தூக்கினார். போத்தில் பாரம் என்று மாவைப் பொலித்தீனில் கொட்டி முடிந்துகொண்டு வந்திருக்கிறாள்! ராக் இசை விழா, ஒரு கிலோ வெளிர் மஞ்சள் தூள், பட்டுச்சேலை கட்டிய அறுபது வயது மனுசி. காவலாளி இன்னொரு காவலாளியைக் கூப்பிட்டார்.

வசந்திக்குப் பயம் இல்லை, நேரந்தான் இல்லை. முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி மாவை அள்ளி வாயில் போட்டு மென்றாள். "மா. தலைக்கு" என்று தமிழிலேயே சொன்னாள். வாயோரத்தில் மா பறந்தது. அந்த மனிதர் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "குட் லக், மேடம்" என்று விட்டுவிட்டார்.

தேசிக்காய்க்குக் குளிர்பானக் கடையில் போய் நின்றேன். கழுத்துவரை பச்சை குத்திய ஒருவர், பிழிந்து ஒதுக்கிய பாதிகளோடு முழுக்காய்களும் ஒரு பெட்டி நிறையத் தந்தார். எதற்கு என்று கேட்டார். மகளுக்குத் தலை முழுக வார்க்க என்று அவசரத்தில் தமிழிலேயே சொன்னேன். ஏதோ குடிவகையின் பெயர் என்று நினைத்திருப்பார். நல்லாயிருக்கட்டும் என்று கட்டைவிரலைக் காட்டினார்.

மேடையில் முதல் பாட்டுக்குழு தொடங்கிவிட்டது. அந்த இரைச்சலில், கூடாரத்துக்குப் பின்னால் புல்லில், ஆரணி வாளிக்கு மேல் குனிந்து நின்றாள். வசந்தி மாவையும் புளியையும் குழைத்தாள். நான் முழங்காலில் இருந்து உச்சி முதல் தேய்த்தேன். டேவ் தண்ணீர் வார்த்தார். மூன்று தரம். வசந்தியின் பட்டுச்சேலையில் பாதி நனைந்துவிட்டது. அந்த நன்றிக்கடனை நான் எப்படித் தீர்ப்பேன்.

ரோசா கடதாசியை அழுத்தினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு கடதாசி எடுத்து, பிடரியில் அழுத்தினார்.

ஒன்றும் இல்லை.

"அது என்ன மா?" என்று கேட்டார். பயறு என்றேன். மிச்சத்தை அப்படியே வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு சாண்

கட்டும்போது முடி ஈரமாகத்தான் இருக்கவேண்டுமாம். அதிலே மட்டும் எங்களுக்கு அதிர்ஷ்டம். கற்றைகளைச் சமமாக இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். வழக்கமாகப் பிடிக்கும் டேவ் கொக்கியைப் பார்க்க மேடைக்குப் போயிருந்தார்.

"அப்பா பிடிப்பார்," என்றாள் ஆரணி. "அவருக்கு என் தலை தெரியும்."

ரோசா என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சீப்பை நீட்டினார். நான் வகிடு எடுத்தேன். அந்த வகிட்டைப் பார்த்த பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தடவை கையில் தட்டினார், இழுவை கூடிவிட்டது என்று. அந்தக் கட்டை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் சொல்லமாட்டேன் என வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தொழிலில் அது கையிலிருந்து கைக்குத்தான் போகுமாம். ஆகவே இங்கே எழுத மாட்டேன்.

இனிச் சோதனைத் தூக்கு. சனத்துக்கு முன்னால் போகமுன், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கிப் பார்ப்பார்கள். திரும்பி வந்த டேவ் கயிற்றை இழுக்க, ஆரணியின் குதிகால் எழும்பியது, பிறகு விரல் நுனி எழும்பியது. நெற்றித்தோல் மேலே போய், கண்ணிரண்டும் பூனைக்கண் மாதிரி ஆகிவிட்டன. என் பிள்ளை தன் மயிரில் தொங்கிக்கொண்டிருந்தாள், என் கண்ணுக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில். நிறுத்துங்கோ என்று கத்த வாய் திறந்துவிட்டேன். வசந்தி என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

ரோசா வளையத்தில் விரலை வைத்துக்கொண்டு எண்ணினார். "நழுவுகிறதா?"

"இல்லை," என்றாள் ஆரணி. "ஒரு மயிர்கூட இல்லை."

இறக்கினார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷத்துக்கு முன் என்னைக் கேட்காமல் முடிவெடுத்தவள், இப்போது கேட்டாள்.

"அப்பா, போகட்டே?"

"போயிட்டு வா" என்றேன்.

நாலு மணி

ராக் இசை எனக்கு விளங்காது. அதை விளங்கிக்கொள்ள அன்றைக்கு நேரமும் இருக்கவில்லை. மேளக்காரர் அடித்த அடி தவில் தனியாவர்த்தனம் மாதிரி ஏறிக்கொண்டு போனது, அதுமட்டும் எனக்குப் பிடித்தது. வெள்ளைப் பிள்ளைகள், கறுப்புப் பிள்ளைகள், தலையில் பச்சையும் நாவல் நிறமும் பூசிய பிள்ளைகள் எல்லாம் குதித்தார்கள். நானும் வசந்தியும் ஈரச்சேலையும் இடியப்பப் பார்சலுமாக நடுவில் நின்றோம்.

ஆரணி சிவப்பு உடுப்பில் வந்தாள். கொக்கியை மாட்டினார்கள். இரண்டு கையையும் விரித்தாள். எழும்பினாள்.

வசந்தி தன்னை அறியாமல், தொண்டை கிழிய, "அரோகரா!" என்று கத்தினாள்.

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அது பாட்டோடு சேர்ந்த ஏதோ கோஷம் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களும் கத்தினார்கள். பின்வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பூங்காவின் எங்கள் பக்கம் முழுக்க "அரோகரா" போட்டது. மகள் மேலே சுழன்றாள். மெல்ல மெல்ல, பிறகு வேகமாக, பிறகு முகம் தெரியாத வேகத்தில். கால்களை மடக்கினாள், நீட்டினாள், படுத்த மாதிரி இருந்தாள். அந்தக் கழுத்தை நான் குழந்தையில் உள்ளங்கையில் தாங்கியிருக்கிறேன். அதே கழுத்தில் இப்போது அவள் தன் முழுப் பாரத்தையும் தாங்கினாள்.

எனக்குப் பயம் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பயத்தோடேயே எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அழுகையாகத்தான் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவன் நான். என் பிள்ளை உயரத்தில் தொங்கிக்கொண்டு சிரிக்கிறாள். அவளைப் பிடிக்க ரோசா இருக்கிறார், டேவ் இருக்கிறார், முன்பின் தெரியாத இத்தனை பேர் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் யாரிடம் போய் நன்றி சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் கண்ணீரைப் பார்த்துவிட்டுச் சுகமா என்று கேட்டாள். மேலே கையைக் காட்டி, "என் மகள்" என்றேன். "சர்க்கஸில் இருக்கிறாள்." வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவிழ்த்தல்

கட்டுவதைவிட அவிழ்ப்பது கஷ்டம். ஒரு மணித்தியாலம் எடுக்கும், தலைத்தோல் நெருப்பாய் எரியும். ரோசா நெருப்பு வளையக்காரரைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கும் ஐந்து மணிக்கு ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். வசந்தி இடியப்பத்தைத் திறந்து டேவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கூடாரத்துக்குள் ஆரணியின் பின்னால் இருந்து, ஒவ்வொரு முடிச்சாகத் தளர்த்தினேன்.

"பிள்ளை," என்றேன். "எண்ணெய் வைக்கக்கூடாது எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கமாட்டன்."

"எனக்குத் தெரியும்தானே அப்பா."

"என்ன தெரியும்?"

"நீங்கள் சட்டியை அடுப்பில வைக்கேக்கையே எனக்குத் தெரியும். விடிய எழும்பிக் கழுவினாப் போயிடும் எண்டு நினைச்சன். நாலு மணிக்கே எழும்பிக் கழுவினனான். போகேல்லை."

என் கை நின்றுவிட்டது.

"தெரிஞ்சுகொண்டே இருந்தனீ? வேண்டாம் அப்பா எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. நிகழ்ச்சியே போயிருந்தா?"

அவள் மடியில் கிடந்த சீப்பின் பற்களை நகத்தால் வருடினாள்.

"ரெண்டு வருஷத்துக்குப் பிறகு வந்து இரு எண்டு கூப்பிட்டனீங்கள்," என்றாள். "வேண்டாம் எண்டு சொன்னா, பேந்து எப்ப கூப்பிடுவீங்களோ எண்டு பயமா இருந்தது."

நான் அடுத்த முடிச்சைப் பிடித்தேன். அவள் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது.

"தலையை ஆட்டாதை பிள்ளை," என்றேன். "முடிச்சு இறுகும்."